கொங்கோச் சிவப்பு: ஒரு நோயும் ஒரு சாயமும்

கொழும்பிலுள்ள பெரிய நோயியல் ஆய்வுகூடங்களின் அலுமாரிகளில் வரிசையாக நிற்கும் சாயக் குப்பிகளுள் ஒன்று ஆபிரிக்க நதியொன்றின் பெயரைத் தாங்கி நிற்பதைக் காணலாம். கொங்கோச் சிவப்பு என்பது அதன் பெயர். அமிலொயிட் என்னும் பொருள் உடலெங்கும் படிந்து இதயத்தையும் தைரொயிட் சுரப்பியையும் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயொன்றுண்டு. அந்நோயை இழையத்துணுக்கில் ஐயந்திரிபற உறுதிசெய்வதற்குச் சென்ற 100 ஆண்டுகளாக வைத்திய உலகம் இச்சாயத்தையே நம்பியிருக்கிறது. பரீட்சைக்காக இப்பெயரை மனனஞ்செய்யும் மாணவர்களுள், நோயோடு எவ்விதத் தொடர்புமற்ற ஒரு நாட்டின் பெயர் இங்கு எவ்வாறு வந்தது என்று வினவுவோர் சிலரே. வினவினால் கிடைக்கும் விடை வைத்திய நூலுக்குள் அடங்குவதன்று. அது பஞ்சாலையையும், பேர்லின் மாநாட்டையும், ஆக்கவுரிமைச் சட்டத்தையும், கடைசியில் நமது நாட்டு மருந்துக் கொள்கையையும் தொட்டுச் செல்வது. ஆகவே அதனை இங்கு சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். நமது உடலிலுள்ள புரதங்கள் ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த ஒரு மடிப்பு வடிவத்திலிருந்தே தன் கடமையைச் செய்கின்றன. சில வேளைகளில் ஒரு புரதம் வடிவங்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மெல்லிய நார்களாக மாறிவிடுகிறது. உடலால் கரைக்கவோ அகற்றவோ இயலாத இந்நார்களே அமிலொயிட். இவை இதயத் தசைநார்களுக்கிடையே படியும்போது இதயத்தின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் பலமான சுவர் என்று எண்ணிவிடலாகாது. அது விரிந்து கொடுக்க மறுக்கும் விறைத்த சுவர். குருதி நிரம்ப இடமில்லாமல் இதயம் தவிக்கிறது. நோயாளிக்கு மூச்சிரைக்கிறது, கால் வீங்குகிறது. தைரொயிட்டில் படிந்தால் கழுத்து வீங்கும், சுரப்பு குன்றவுங்கூடும். சுரப்பு குன்றினால் அதுவே இதயத்தை மந்தப்படுத்தும் என்பதால், எது காரணம் எது விளைவு என்று வைத்தியர் மயங்குவதற்கும் இடமுண்டு. அமிலொயிட் படிந்து பருக்கும் கழலைக்கு ‘அமிலொயிட் கழலை’ என்ற பெயரை 1904இல் வழங்கியவர் வியன்னாவின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் அன்ரன் வொன் ஐசல்ஸ்பேர்க். நமது நாட்டின் ஈரவலயத்திலே அயடீன் குறைவினால் வரும் கழலை நெடுங்காலம் மலிந்திருந்தது. உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. கழலை என்றாலே அயடீன் குறைவு என்று எண்ணிப் பழகிய நாட்டில், அரிதாக வரும் இந்த வேறுவகைக் கழலை கவனத்துக்குத் தப்பிவிடுவது எளிது.

அமிலொயிட் என்ற பெயரைப் புகழ்பெறச் செய்தவர் ருடோல்ப் வேர்க்கோ. முற்போக்கு எண்ணமுடைய நமக்கு இவர் அந்நியரல்லர். 1848இல் மேற்சிலேசியாவில் கடுங்காய்ச்சல் பரவி ஏழை நெசவாளரும் விவசாயிகளும் மாண்டபோது, பிரசிய அரசாங்கம் அனுப்பிய இளம் வைத்தியர் அவர். மருந்துப் பட்டியலொன்றோடு திரும்புவார் என்று எதிர்பார்த்த அரசாங்கத்துக்கு, அம்மக்களுக்கு வேண்டியது ஜனநாயகமும் கல்வியும் வாழ்க்கை வசதியுமே என்று அறிக்கை எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் பேர்லின் வீதித்தடுப்புகளில் நின்றார். மறு ஆண்டு பதவியிழந்து வூர்ஸ்பேர்க் நகருக்குப் போனார். அங்கிருந்தபோது, 1854இல், நோயுற்ற இழையங்களின்மீது அயடீனும் கந்தக அமிலமும் இட்டு, அவை நீலமும் ஊதாவுமாக மாறுவதைக் கண்டார். மாப்பொருளும் செலுலோசும் இவ்வாறு நிறம் மாறுவன. எனவே இதுவும் அவ்வினத்ததே என்று கருதி, மாப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘அமிலொயிட்’ என்று பெயரிட்டார். கருத்து தவறு. 1859இலேயே பிரீட்றைக், கெக்குலே என்னும் இருவர் இப்பொருள் நைதரசன் நிறைந்த புரதவகை என்று காட்டிவிட்டனர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் அமிலொயிட் பெரும்பாலும் வறியவரின் நோயாகவே இருந்தது. நெடுநாள் ஆறாத கசநோய், எலும்பிலே சீழ், தொழுநோய் ஆகியவை ஆண்டுக்கணக்கில் உடலை அரித்தபின் ஈரலும் மண்ணீரலும் சிறுநீரகமும் மெழுகுபோல் இறுகிவிடும். நெரிசலான சேரிகளும், ஈரங்கசியும் அறைகளும், அரை வயிற்று உணவுமே அந்நோயின் விளைநிலம். நமது கொழும்பின் கதையும் வேறன்று. ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை, நோயாளரைக் குணமாக்குவதற்காக அன்றி ஊரிலிருந்து விலக்கி வைப்பதற்காகவே எழுந்தது என்பதை நினைவிற் கொள்ளல் தகும். கசநோய் மருந்துகள் பரவிய பின்னரே இவ்வகை அமிலொயிட் பின்வாங்கியது.

இனிச் சாயத்துக்கு வருவோம்.

பம்பலப்பிட்டியிலிருந்து தெற்கே கால்வாயைக் கடந்து வெள்ளவத்தைக்குச் சென்று, ஹவலொக் வீதிப் பக்கம் திரும்பினால் இன்று ஹவலொக் சிட்டி என்னும் மாடமாளிகைகள் எழுந்து நிற்கும் நிலப்பரப்பில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியது. மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் அங்கு அருகருகே நின்று உழைத்தனர். 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தின்போதுதான் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் ஆலைத் தொழிலாளரிடையே தொழிற்சங்கப் பணியில் இறங்கினர். ஈழத்து இடதுசாரி இயக்கத்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. மான்செஸ்ரர் தொடங்கி பம்பாய், கொழும்பு வரை உலகெங்கும் இத்தகைய ஆலைகள் பருத்தித் துணியை மலைமலையாகக் குவித்த காலமே கொங்கோச் சிவப்புப் பிறந்த காலம்.

பருத்திக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது முன்னாளில் எளிதான காரியமன்று. நமது முன்னோர் அதனை நன்கறிவர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்தின் மணற்பாங்கான கரைகளிலும் விளைந்த சாயவேரைத் தோண்டியெடுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிப் பதப்படுத்திய துணியில் படிகாரம் பூசி, பலநாள் தோய்த்துத் தோய்த்துத்தான் அச்செந்நிறத்தைப் பெற்றனர். ஒல்லாந்தர் அவ்வேரைத் தமது தனிவாணிபமாக்கி, வேர் தோண்டுவதையே ஒரு சாதியாரின் கட்டாய ஊழியமாக்கினர். வேரைத் தோண்டியவனின் உடலில் அச்சிவப்புத் துணி ஏறியதில்லை. 1868இல் கிறேபே, லீபர்மன் என்னும் ஜேர்மானியர் இருவர் அலிசரின் என்னும் வேர்ச்சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிக்காட்டியதும் உலகெங்குமுள்ள சாயவேர் விவசாயம் சரிந்தது. ஆயினும் அலிசரினுக்கும் படிகாரம் வேண்டியிருந்தது. ஆலை முதலாளிக்கு வேண்டியதோ வெந்நீர்த் தொட்டியில் துணியை முக்கியெடுத்தால் போதும் என்ற அளவுக்கு எளிமையான சாயம்.

அதனை ஆக்கியவர் பவுல் பெற்றிகர் என்னும் இளம் இரசாயனவியலாளர். எல்பர்பெல்ட் நகரிலிருந்த பேயர் கம்பனியில் பணியாற்றியவர். தமது சாயத்தை அக்கம்பனியிடம் விட்டுவிடாமல், வேலையைத் துறந்து, தம் பெயரிலேயே ஆக்கவுரிமை பெற்று, பேர்லினிலிருந்த ஆக்பா கம்பனிக்கு விற்றார். பருத்தியின் செலுலோசு நார்மீது படிகாரத்தின் உதவியின்றித் தானே சென்று ஒட்டிக்கொள்ளும் முதலாவது செயற்கைச் சாயம் அது. குறைகளும் இருந்தன. அமிலம் பட்டால் நீலமாகிவிடும். வெயிலில் மங்கும். மலிவு என்பதால் குறைகள் மன்னிக்கப்பட்டன.

பெயர் வைக்கவேண்டிய தருணம் 1885. அப்பொழுது பேர்லினில் எல்லார் வாயிலும் இருந்த சொல் கொங்கோ. 1884 நவம்பர் 15ஆம் திகதி பிஸ்மார்க்கின் மாளிகையில் கூடிய மாநாடு 1885 பெப்ரவரி 26ஆம் திகதிவரை நீண்டது. 14 நாடுகளின் பிரதிநிதிகள் ஆபிரிக்காவின் வரைபடத்தை முன்னால் விரித்துக்கொண்டு அமர்ந்தனர். ஆபிரிக்கர் ஒருவரேனும் அந்த மேசையில் இல்லை. கொங்கோப் பள்ளத்தாக்கு பெல்ஜியத்தின் மன்னர் லியோபோல்டின் சொந்த உடைமைபோல அவர் கைக்குப் போயிற்று. ‘சுதந்திர அரசு’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர்! அந்தப் பரபரப்பை விளம்பரமாக்கிக்கொண்டது ஆக்பா. புதிய உலகம், புதிய செல்வம், புதிய சாயம். கொங்கோச் சிவப்பு நன்றாக விற்பனையானதும் அதன் உறவினச் சாயங்களுக்கும் கொங்கோ என்ற அடைமொழி சேர்ந்தது. அச்சாயத்தில் கொங்கோ நாட்டின் வேரோ, இலையோ, மண்ணோ ஒரு துளியும் இல்லை. அடிமைப்படுத்தப்பட்ட நாட்டிலிருந்து இறப்பரும் தந்தமும் எடுத்தார்கள். எடுக்க ஒன்றுமில்லாதவர் பெயரையாவது எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெயரின் பின்னால் நடந்தது என்ன என்பதை நாம் மறந்துவிடலாகாது. குறித்த அளவு காட்டு இறப்பரைக் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன. சுட்ட குண்டுக்குக் கணக்குக் காட்டுவதற்காக மனிதரின் கைகள் வெட்டிக் கூடைகளில் குவிக்கப்பட்டன. றொஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904இல் வெளிவந்து உலகை உலுக்கிய பின்னரே, 1908இல், லியோபோல்டின் தனியாட்சி முடிந்தது. கொங்கோவின் காட்டு இறப்பரை உலகச் சந்தையிலிருந்து பின்தள்ளியது பெரும்பாலும் மலாயா, இலங்கைத் தோட்டங்களின் இறப்பர். கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876இல் நட்ட கன்றுகளே இங்கு இறப்பர்ப் பயிருக்கு வித்து. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர் பலர் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். ஒரு கொடுமை ஓய்ந்த இடத்தை மற்றோர் உழைப்புச் சுரண்டல் நிரப்பிற்று.

சாயம் செய்த தொழிலாளியையும் இங்கு குறிப்பிடவேண்டும். கொங்கோச் சிவப்பின் மூலப்பொருள் பென்சிடீன். சாயத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரின் சிறுநீர்ப்பையில் புற்று உண்டாவதை 1895இலேயே பிராங்பேர்ட் நகரத்துச் சத்திர வைத்தியர் லுட்விக் றேன் எடுத்துக் காட்டினார். அவர் கண்டவர்கள் வேறொரு சாயத்தைச் செய்தவர்களாயினும், காலப்போக்கில் பென்சிடீனும் அக்குற்றவாளிகளுள் ஒன்றென்பது உறுதியாயிற்று. பிரித்தானியா அதன் உற்பத்தியைச் சட்டத்தால் தடுத்தது 1967இல். இடையில் 72 ஆண்டுகள்! விஞ்ஞானத்தின் எச்சரிக்கைக்கும் சட்டத்தின் செயலுக்கும் இடையே எத்தனை தொழிலாளர் குருதியாகச் சிறுநீர் கழித்து மடிந்தனர் என்பதைக் கொங்கோச் சிவப்பின் புகழ் பாடும் எந்த வைத்திய நூலும் பேசுவதில்லை.

துணிச்சாயமாக அதன் காலம் விரைவிலேயே மங்கியது. ஆய்வுகூடத்தில் அதற்கு மறுபிறப்புக் கிடைத்தது. 1922இல் ஹம்பேர்க் நகரில் ஹான்ஸ் பென்ஹோல்ட் என்னும் வைத்தியர், நோயாளரின் குருதிக் குழாயில் இச்சாயத்தைச் செலுத்தி அது எவ்வளவு நேரம் குருதியில் தங்குகிறது என்று ஆராய்ந்தார். அமிலொயிட் நோயாளரில் மட்டும் சாயம் விரைந்து மறைந்தது. மறைந்த சாயம் அமிலொயிட் படிவுகளைத் தேடிச்சென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் இழையத் துணுக்குகளிலும் அச்சாயத்தை அவர் பயன்படுத்தினார். 1927இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த டிவ்றியும் புளோர்க்கனும், சாயமேற்றிய துணுக்கை முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டி வழியே பார்த்தால் சிவப்பு மறைந்து, பச்சை அப்பிள்பழத்தின் நிறம் மின்னுவதைக் கண்டனர். இன்றுவரை அப்பச்சையே சாட்சி.

இங்கே ஒரு விந்தையைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. அமிலொயிட்டைச் செலுலோசுக்கு உறவென்று நினைத்து வேர்க்கோ தவறினார். ஆனால் செலுலோசு நாரைப் பற்றுவதற்கென்று ஆக்கிய சாயம் அதே அமிலொயிட்டைப் பற்றிக்கொண்டது. பின்னர் 1959இல் கோஹன், கல்கின்ஸ் இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதன் நார் வடிவத்தைக் கண்டனர். 1968இல் ஈன்ஸ், கிளெனர் இருவரும் அந்நாரினுள் புரதம் மடிப்பு மடிப்பான தாள்களைப் போல் அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டினர். நீண்டு தட்டையான சாய மூலக்கூறு பருத்தி நாரின்மீது படிந்தவாறே அவ்வடுக்கின் பள்ளங்களிலும் படிகிறது. பொருள் வேறு, வடிவம் ஒக்கும். வேர்க்கோ கண்ட ஒற்றுமை முழுப்பொய்யன்று.

இதயத்தைத் தாக்கும் அமிலொயிட்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, எலும்பு மச்சையிலுள்ள சில கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உண்டாக்கும் புரதத் துண்டினால் வருவது. அதன் மூலத்தை 1971இல் கிளெனர் குழுவினர் வெளிப்படுத்தினர். மற்றது, ஈரலில் உற்பத்தியாகும் ட்ரான்ஸ்தைரெற்றின் என்னும் புரதம் சிதைவதால் வருவது. குருதியில் தைரொயிட் சுரப்பியின் தைரொக்சினையும் வைற்றமின் ஏ-யையும் சுமந்து செல்லும் தூதுவனே இப்புரதம்; அதன் பெயரிலேயே தைரொயிட் உறைகிறது. நான்கு துண்டுகள் கைகோத்து நின்று, நடுவிலுள்ள பள்ளத்தில் தைரொக்சினை ஏற்றிச் செல்கின்றன. முதுமையாலோ பரம்பரைக் குறையாலோ அந்நால்வரின் பிடி தளர்ந்தால் துண்டுகள் பிரிந்து, மடிப்புக் குலைந்து, நாராகி இதயத்தில் அடைகின்றன. இதனால் தாக்கப்பட்ட இதயத்தை எதிரொலிப் படத்தில் பார்த்தால் சுவர் தடித்துத் தோன்றும். மின்பதிவில் பார்த்தாலோ தடித்த இதயத்துக்குரிய உயர்ந்த அலைகள் இராமல், அவை சிறுத்துக் கிடக்கும். இந்த முரண்பாட்டைக் கவனிக்கும் வைத்தியர் நோயைப் பிடித்துவிடுகிறார். கவனியாதவர் உயர் குருதியழுத்தம் என்று எழுதிவிடுகிறார்.

பரம்பரை வகையை முதலில் தெளிவாக விவரித்தவர் போர்த்துக்கல்லின் கொறினோ அன்ட்ராட். சலாசாரின் சர்வாதிகாரம் நிலவிய அந்நாட்டில், பொவோவா டி வார்சிம் என்னும் கரையோர ஊரின் மீனவக் குடும்பங்களில் கால் மரத்து, வயிறு குன்றி, உடல் மெலிந்து, நடுவயதிலேயே மாள்வோரைக் கண்டார். ‘கால்நோய்’ என்று அம்மக்கள் தங்கள் பாஷையில் அழைத்துவந்த அத்துன்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 1952இல் அன்ட்ராட் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். மீனவரின் வழக்குச் சொல்லுக்குச் செவிசாய்த்ததுதான் அவருடைய கண்டுபிடிப்பின் தொடக்கம் என்போம்.

வேறொரு பரம்பரைக் குறை நம்மை மீண்டும் ஆபிரிக்காவுக்கே கொண்டு செல்கிறது. ட்ரான்ஸ்தைரெற்றினின் 122ஆம் இடத்தில் வலீன் இருக்கவேண்டிய இடத்தில் ஐசொலியூசின் அமைந்துவிடும் இக்குறை, மேற்காபிரிக்கக் கரையோர மக்களிடையே தோன்றியது. அம்மக்களைச் சங்கிலியிட்டுக் கப்பல்களின் அடித்தளத்தில் அடுக்கி அற்லான்டிக்கைக் கடத்திய வியாபாரிகள், தாம் அறியாமலே அதனையும் கரையேற்றினர். இன்று அமெரிக்கக் கறுப்பின மக்களில் 100 பேரில் 3 அல்லது 4 பேர் அதைச் சுமக்கின்றனர். சுமப்போர் அனைவரும் நோயுறுவதில்லை. நோயுறுவோர் அறுபது வயதுக்குமேல் இதயத் தளர்ச்சியோடு வைத்தியசாலைக்கு வருகின்றனர். கறுப்பினத்தவருக்கு உயர் குருதியழுத்தத்தால் இதயம் தடிப்பது வழக்கமே என்ற முன்முடிவு அங்கே காத்திருக்கிறது. உண்மைக் காரணம் தேடப்படாமலே பலர் இறந்துபோயினர். நோயைக் காட்டும் சாயம் ஆபிரிக்காவின் பெயரைத் திருடிக்கொண்டது. நோயைச் சுமக்கும் ஆபிரிக்க வழித்தோன்றலின்மீதோ அச்சாயம் நெடுங்காலம் பயன்படுத்தப்படவேயில்லை.

நெடுங்காலம் இந்நோய்க்கு மருந்தில்லை. ஈரலில் உற்பத்தியாகும் புரதமாதலால் ஈரலையே மாற்றிவிடும் சிகிச்சை 1990இல் சுவீடனில் தொடங்கியது. பின்னர் அமெரிக்காவின் ஸ்கிறிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெவ்றி கெலி என்னும் இரசாயனவியலாளர் எளிய வழியொன்றைச் சிந்தித்தார். ட்ரான்ஸ்தைரெற்றினில் தைரொக்சினுக்கென்று இருக்கும் பள்ளத்தில் வேறொரு சிறு மூலக்கூறை அமர்த்திவிட்டால், அது நான்கு துண்டுகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளுமல்லவா? தைரொயிட்டின் ஆசனத்தில் அமர்ந்து இதயத்தைக் காக்கும் அம்மருந்தே தபாமிடிஸ். அவ்வாராய்ச்சியில் அமெரிக்க மக்களின் வரிப்பணமும் கலந்திருந்தது. அதற்கென நிறுவிய சிறு கம்பனியை 2010இல் பைசர் கம்பனி வாங்கியது. 441 நோயாளரைக்கொண்டு 30 மாதம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. மருந்து பெறாதோரில் 42.9 விழுக்காட்டினர் இறந்தனர், பெற்றோரில் 29.5 விழுக்காட்டினர். உண்மையான நன்மை, இதில் நமக்கு ஐயமில்லை. 2019இல் அமெரிக்காவில் இதய நோய்க்கென அனுமதி கிடைத்தபோது அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 225,000 அமெரிக்க டொலர்.

கொழும்பில் ஓர் ஆசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் பெறும் சம்பளத்தைக் கூட்டினாலும் அத்தொகையில் ஓராண்டுக்கான மருந்து வாங்கமுடியாது. இவ்விலை எவ்வாறு இயலுகிறது? பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையால் இயலுகிறது. அதன் வரலாற்றிலும் கொங்கோச் சிவப்புக்கு ஓரிடம் உண்டு. ஜேர்மனியின் 1877ஆம் ஆண்டுச் சட்டம் இரசாயனப் பொருளுக்கோ மருந்துக்கோ ஆக்கவுரிமை வழங்கவில்லை. செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. ஏற்கெனவே தெரிந்த செய்முறையையே சற்று மாற்றி எடுத்தாண்டு பெற்ற கொங்கோச் சிவப்புக்கு அவ்வுரிமை செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. விளைந்த பொருள் எதிர்பாராத புதிய பயனைத் தருமாயின் செல்லும் என்று 1889இல் தீர்ப்பாயிற்று. எதிரிகளாக வழக்காடிய ஆக்பாவும் பேயரும் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டு நண்பராயின, 1925இல் ஐ.ஜி. பார்பன் என்னும் பெருங்கூட்டில் ஒன்றாயின. ஹிட்லர் காலத்தில் அவுஷ்விற்ஸ் முகாமின் அருகே அடிமை உழைப்பால் தொழிற்சாலை எழுப்பிய கூட்டு அதுவே.

ஆயினும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பொருளுக்கே ஆக்கவுரிமை என்பதை ஜேர்மனி 1968 வரை ஏற்கவில்லை. உலகின் மருந்துச்சாலை என்று பெயரெடுத்த நாடு, அப்பெயரை எடுத்தபின்னரே கதவைச் சாத்தியது. இந்தியா 1970இல் அதே வழியில் மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை இல்லை என்று சட்டம் செய்து மலிவு மருந்துகளை ஆக்கியபோது, அது திருட்டு என்று கூக்குரல் எழுந்தது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைக்குப் பணிந்து 2005இல் இந்தியா அச்சட்டத்தை மாற்றவேண்டியதாயிற்று.

நமது நாடும் ஒரு வழியைக் காட்டியதுண்டு. பேராசிரியர் சேனக பிபிலே இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர். கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையின் பேரில் 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவர். ஒரே மருந்து பத்துப் பெயர்களில் பத்து விலைக்கு விற்கப்படுவதை அவர் நிறுத்தினார். தனியார் இறக்குமதி செய்துவந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்து, வணிகப் பெயரை நீக்கி மருந்துப் பெயராலேயே உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கச் செய்தார். எதிர்ப்பு எழாதிருக்குமா? கொலரா பரவிய வேளையில், கூட்டுத்தாபனம் வாங்கிய டெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டுக் குளிகையாக்கித் தர பைசர் நிறுவனம் மறுத்ததைப் பொருளியலறிஞர் சஞ்சய லாலும் பிபிலேயும் 1977இல் வெளியிட்ட கட்டுரை பதிவு செய்துள்ளது. அவ்வாண்டு ஆட்சி மாறியது, கொள்கை தளர்ந்தது. அவ்வாண்டிலேயே, ஐக்கிய நாடுகள் பணியில் கயானா சென்றிருந்த பிபிலே அங்கு காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளிவந்ததும் அந்த 1977இல்தான். அவருடைய கொள்கைக்கு ஓரளவேனும் உருக்கொடுத்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது சாதாரண மருந்துகளுக்கே வைத்தியசாலைகள் தவித்தன. அச்சட்டம் பத்திரத்தில் இருந்தது. மருந்து அலுமாரியில் இல்லை.

பிபிலேயின் குழு ஒரு மருந்தைக் கண்டால், இதே வேலையைச் செய்யும் மலிவான வேறு மருந்து உண்டா என்பதையே முதலில் கேட்கும். அமிலொயிட்டுக்கு அக்கேள்வியைக் கேட்டவர்களும் இருக்கின்றனர். டிஃபுளுனிசல் என்பது மூட்டுவலிக்குப் பல்லாண்டுகளாக வழங்கிவந்த பழைய மாத்திரை. ஆக்கவுரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. அதுவும் ட்ரான்ஸ்தைரெற்றினின் தைரொக்சின் ஆசனத்திலேயே அமர்கிறது. பரம்பரை வகையால் நரம்பு பாதிக்கப்பட்ட 130 நோயாளருக்கு, நாளொன்றுக்கு இருமுறை 250 மில்லிகிராம் வீதம் இரண்டாண்டு கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2013இல் வெளியாயிற்று. நரம்பு நோயின் வேகம் தெளிவாகக் குறைந்தது. அப்பரிசோதனைக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி பொதுப்பணம். பழைய மாத்திரையால் இலாபம் பெறுவோர் இல்லையாதலால், இதய நோயாளருக்கென அதனைத் தபாமிடிஸ் அளவுக்குப் பெரிய பரிசோதனையில் வைத்துப் பார்க்க எந்தக் கம்பனியும் முன்வரவில்லை. சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் இதயம் மிகத் தளர்ந்தவருக்கும் அம்மாத்திரை தீங்கு செய்யக்கூடும். ஆகவே யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை வகுத்தறியப் பெரிய பரிசோதனையே வேண்டும்.